மடியில் வைத்த கைகள்

"இந்த ஒப்பம் என்னத்துக்கென்டு அவவுக்கு விளங்கியிரிக்கா?" என்று காணி உறுதி எழுதும் நொத்தாரிசு மஜீட் கேட்டபோது, சுலோஜனா பேனையைக் கையில் எடுத்து முழங்கையையும் மேசையில் ஊன்றியாகிவிட்டது. அம்மா சின்னத்தங்கம் காற்றில் எழுதிக் காட்டியிருந்தாள். எழுது என்றால் எழுத வேண்டியதுதான். சுலோஜனாவுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும். அதை எழுதும்போதெல்லாம் நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப் பார்த்துவிடும். இப்போதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நொத்தாரிசு தன் உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து மறைத்தார். மனிதர் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஓட்டமாவடியில் அந்த மாடிக் கந்தோரை வைத்துக்கொண்டு எத்தனையோ காணிச் சண்டைகளைப் பார்த்தவர். சண்டை எங்கே முளைக்கும் என்று அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அறையில் இருந்த எல்லோரும் வதனியைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா, மாமா கோணாமலை, சுவரோரக் கதிரைகளில் இருந்த பிரதீஸும் அவன் தாயும். சுலோஜனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் சொல்லிக்கொடுப்பது தங்கச்சி வதனியின் வேலை. சின்ன வயதிலேயே தலையில் விழுந்த வேலை அது. அக்கா என்ன சொல்கிறாள், அக்காவுக்கு விளங்கியதா என்று யார் கேட்டாலும் வதனிதான் ஓம் போடுவாள். டொக்டருக்கும் ஓம், கிராம சேவகருக்கும் ஓம். ஓமுக்கு என்ன குறைச்சல்.

விஷயம் இதுதான். அப்பா கண்ணை மூடுவதற்கு முன்னால் பனிச்சங்கேணியில் வாவிக்கரை வளவையும் வீட்டையும் இரண்டு பெண்களின் பெயரிலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது வதனிக்கும் பிரதீஸுக்கும் கல்யாணம் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீட்டோடு மாப்பிள்ளை என்று இங்கே யாரும் கிண்டலடிக்க முடியாது, எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான். அதனால் பெண்ணுக்கு வீடு வேண்டும், அதுவும் வில்லங்கம் இல்லாத வீடு வேண்டும். முறைப்படி பார்த்தால் மூத்தவளுக்குத்தான் தாய் வீடு. ஆனால் சுலோஜனாவைக் கல்யாணக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை, ஆகவே வீட்டுக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவளுடைய பாதியை வதனிக்கு எழுதிக் கொடுக்கத்தான் இந்த ஒப்பம். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் கிடையாது. அக்கா எங்கே போகப்போகிறாள், எப்போதும் போல இருந்துவிட்டுப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வதனியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஓம் என்பது நாக்கு வரை வந்தது. அப்போது பார்த்து சுலோஜனா அவளை நிமிர்ந்து பார்த்தாள். 'சரியாகத்தானே பிடித்திருக்கிறேன்?' என்பது போலப் பேனையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். வதனி நொத்தாரிசின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல சேர்," என்றாள். "அக்காட்ட நாங்க கேக்கவே இல்ல."

கோணாமலை மாமா செருமினார். மஜீட் பேனையை மெதுவாக வாங்கி மூடி போட்டார். "அப்ப கேட்டுட்டு வாங்க புள்ள. நான் எங்கயும் போகல்ல."

படியிறங்கும்போதே பிரதீஸின் தாய் முகம் கறுத்துவிட்டது. மாங்கேணிக்காரி, கறாரான மனுஷி, ஆனால் அநியாயமாகப் பேசுகிறவள் இல்லை. "பொண்ணு வீட்டுக்குத்தானே என்ட மகன் வாறான். வாற வீடு யார்ட வீடென்டு தெரியாம எப்பிடி வாற?" என்றாள். அது நியாயமான கேள்விதான் என்பது வதனிக்கும் தெரிந்தது.  பிரதீஸ் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பாதையைப் பார்த்து நின்றான். அவன் எப்போதும் அப்படித்தான் நிற்பான். படகு எஞ்சின் திருத்துகிறவன். எஞ்சினுக்குள் கை இல்லாத நேரமெல்லாம் பைக்குள்தான். வதனிக்கு அவனைப் பிடித்திருந்தது. போனில் அவன் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை யோசித்துப் பேசுவது இன்னும் பிடித்திருந்தது. இப்போதும் அவன் யோசிக்கிறான் என்றுதான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் மாமா வாயை மூடவில்லை. "என்னத்த மளே அவளிட்ட கேக்கக் கிடக்கு? சோறு போட்டா தின்பாள், பாய் போட்டா படுப்பாள். நீ என்ன அவளத் துரத்தவா போறாய்?"

"துரத்தல்ல மாமா. அவள்ட பாதிய எடுக்கப் போறன். அதச் சொல்லிப்போட்டு எடுக்கணும்."

"சொல்லன்! ஆர் வேணாம் என்ட?"

அங்கேதான் வதனிக்கு இடித்தது. எப்படிச் சொல்வது? சுலோஜனாவோடு இந்த வீட்டில் எல்லோரும் வளவளவென்று கையால் பேசிக்கொள்கிறார்கள். பனிச்சங்கேணிப் பாலத்தில் பஸ் ஏறும்போது, இந்தக் கேள்வியை எந்தக் கையால் கேட்பது என்று தனக்குத் தெரியவில்லை என்பதை வதனி முதன்முதலாகக் கண்டுபிடித்தாள்.

அந்தக் கைப்பேச்சை யாரும் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. சுலோஜனா பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடந்தது. பாதை திறந்தபோது ஊரே இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்தது. எல்லாம் அடங்கி ஊருக்குத் திரும்பியபோது அவள் வளர்ந்துவிட்டாள். அதற்குள் வீட்டுக்குள் ஒரு பேச்சு தானாக முளைத்துவிட்டிருந்தது. ஆட்களுக்குப் பெயர் வைத்தது சுலோஜனாதான். காது மடலை இழுத்தால் அம்மா. பாரத் தோடு போட்டுக் காது தொங்கியவள். முன்பல்லில் விரல் வைத்தால் வதனி. பெயர் வைத்த காலத்தில் அவளுக்கு அந்தப் பல் விழுந்திருந்தது, முளைத்த பிறகும் பெயர் மாறவில்லை. மீசையை முறுக்கினால் கோணாமலை மாமா. அவர் மீசையை மழித்து எவ்வளவோ காலமாயிற்று. அந்த மீசையைக் கண்ணாலும் காணாத பேரப்பிள்ளைகள்கூட அவரைக் குறிக்க மேலுதட்டில் விரலைச் சுழற்றுகிறார்கள். அவருக்கு உள்ளுக்குள் அதில் ஒரு பெருமைதான்.

பிறகு அந்தப் பேச்சு வீட்டு வேலியைத் தாண்டிவிட்டது. சுலோஜனா துறையில் நண்டும் இறாலும் தரம் பிரிக்கிறவள். வளைந்த சுண்டுவிரல் இறால், இரண்டு விரலால் கிள்ளினால் நண்டு, உள்ளங்கையைத் திருப்பி உதறினால் 'போதும், இழுக்காதே'. எஞ்சின் படகுகள் வந்தபிறகு வாவியில் ஒருவன் கத்துவது இன்னொருவனுக்குக் கேட்காது. அப்போது தொழிலாளிகள் சுலோஜனாவின் சைகைகளைத்தான் கடன் வாங்கினார்கள். இன்று அந்தக் கரையில் காது நன்றாகக் கேட்கிறவன்கூடப் போதும் என்பதற்கு உள்ளங்கையை உதறுகிறான், யாரிடம் கற்றோம் என்பதே ஞாபகமில்லாமல். மாமாவின் மகன் சிவதர்ஷன் கட்டாரிலிருந்து வட்ஸப்பில் முகம் காட்டினால், தகப்பனோடு கதைப்பதைவிட அவளோடுதான் அதிக நேரம் கை ஆட்டுகிறான்.

ஊரார் ஆரம்பத்தில் அவளை ஊமைச்சி என்றார்கள். தொண்டு நிறுவனக்காரர்கள் வந்து அப்படிச் சொல்லக்கூடாது என்று வகுப்பு நடத்தினார்கள். மாற்றுத்திறனாளி என்று கொஞ்சக் காலம், விசேட தேவையுடையவர் என்று கொஞ்சக் காலம். அவளைப் பற்றிப் பேசும் சொல்லைத் திருத்தித் திருத்தி ஊர் நல்ல மரியாதைக்கு வந்துவிட்டது. அவளோடு பேசும் சொல்லைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் இருந்தபடியே வதனி அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கையில் போட்டுப் பார்த்தாள். வா. போ. தா. கழுவு. கூட்டு. சாப்பிடு. படு. எழும்பு. பேசாமல் இரு. தொடாதே. அம்மா கொடுத்தது, மாமா கொடுத்தது, தான் கொடுத்தது எல்லாம் ஏவல். கேள்வி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது: பொருளைத் தூக்கிக் காட்டி நாடியை நிமிர்த்தினால் 'வேணுமா?' தேத்தண்ணி வேணுமா, மீன் வேணுமா. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பற்றி மட்டும்தான் கேட்கலாம். கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினால் நாளைக்கு, இரண்டு தரம் தூங்கினால் நாளை மறுநாள். அதற்கப்பால் இந்த வீட்டில் யாரும் அவளோடு போனதில்லை. வதனி முன்பள்ளி டீச்சர். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நாள் முழுக்க, 'உங்களுக்கு என்ன விருப்பம்? ஏன் விருப்பம்?' என்று கேட்டுக்கொண்டிருப்பவள். அக்காவிடம் 'ஏன்' என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கக் கையே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருக்கிற கையை வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அன்று பின்னேரமே அக்காவைக் கூட்டிக்கொண்டு வேலியோரமாக வளவைச் சுற்றினாள். வீட்டுச் சுவரைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து வைத்தாள்: நீயும் நானும். பிறகு விரல்களைப் பிரித்து, வீட்டைக் காட்டி, தன் நெஞ்சில் முஷ்டியை வைத்தாள். அக்காவைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள். கடைசியாக நாடியை நிமிர்த்தினாள். சுலோஜனா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள், வதனியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். வதனிக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. கேட்டாயிற்று, சம்மதமும் வாங்கியாயிற்று. அம்மாவிடம் சொன்னாள், அம்மா மாமாவுக்குப் போன் பண்ணினாள், மாமா மாங்கேணிக்குப் போன் பண்ணினார்.

காலையில் வதனி முற்றம் கூட்ட வந்தபோது சுலோஜனா வேலிப் படலையடியில் இருந்தாள். துறைக்குக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, சீப்பு, நண்டு பிரிக்கும் கையுறை, போன் சார்ஜர். தலை வாரி முடிந்து, கோயிலுக்குப் போகும் பாவாடை கட்டியிருந்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. வதனியைக் கண்டதும் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையைக் காட்டி, எந்தப் பக்கம் என்பது போல நாடியை நிமிர்த்தினாள்.

வதனியின் கையிலிருந்து ஈர்க்குமாறு விழுந்தது. சம்மதமாம்! அக்கா சம்மதிக்கவில்லை, கீழ்ப்படிந்திருக்கிறாள். வீடு வதனிக்கு, நீ இல்லை, கிளம்பு என்று சொன்னார்கள், கிளம்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து அவளை நோக்கி வந்த கையெல்லாம் ஏவிய கைதானே. இன்றைக்கு ஒரு கை கேள்வி கேட்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கே அனுப்புவார்கள் என்று இரவெல்லாம் யோசித்திருப்பாள். யோசித்துவிட்டுச் சீப்பையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

வதனி ஓடிப்போய் அந்தப் பையைப் பிடுங்கினாள். இல்லை, இல்லை என்று கையை ஆட்டினாள். வீட்டைக் காட்டினாள், அக்காவைக் காட்டினாள், கட்டிப்பிடித்தாள், விலகி நின்று மறுபடியும் ஆட்டினாள். சுலோஜனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுப் போ என்றார்கள், இன்றைக்கு இரு என்கிறார்கள். அதுவும் இன்னொரு ஏவல். சரி என்று மறுபடி வாளியில் உட்கார்ந்தாள். ஆட்டி ஆட்டி வதனியின் கைகள் ஓய்ந்துபோயின. அவளும் மணலில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கைகள் தாமாக மடியில் விழுந்தன, உள்ளங்கை மேலே பார்க்க. கண்ணில் தண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூட அவற்றை எடுக்கவில்லை.

சுலோஜனா அந்தக் கைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எதையும் காட்டாத, எங்கேயும் அனுப்பாத கைகள். இந்த வீட்டில் அவள் அப்படிப்பட்ட கைகளைக் கண்டதில்லை. பிறகு மெதுவாக, யாரும் கேட்காமலே, தன் கைகளைத் தூக்கினாள். வாவிப் பக்கத்து அறையைக் காட்டினாள். தன் நெஞ்சைத் தட்டினாள். தூங்கிக் காட்டினாள், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று, நான்கு, இன்னும், இன்னும். கன்னத்தில் கையை வைத்து எடுத்து வைத்து எடுத்து, நாளைக்கும் மறுநாளுக்கும் அப்பால், வதனி ஒரு நாளும் அவளோடு போகாத தூரம்வரை போனாள். போய் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். அங்கே நான் எங்கே இருப்பேன்? அதுதான் கேள்வி. வதனி கேட்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள்.

அன்றைக்கு வதனி ஒரு பிடிவாதத்தில் இறங்கினாள். அம்மாவைக் கூப்பிட்டு, "இனிமே அக்காட்ட ஒண்டு கேக்கிறதென்டா கையை இப்பிடி மடியில வைக்கணும். அவ சொல்லும் வரைக்கும் எடுக்கக்கூடா. அவ என்ன சொன்னாலும் அதச் செய்யணும். செய்யாட்டி அது கேள்வியில்ல," என்றாள்.

"அடுப்பில சோறு கிடக்கு, நான் கையை மடியில வெச்சிக்கிட்டு இரிக்கவா?" என்றாள் சின்னத்தங்கம்.

"சோறு கரிஞ்சா கரியட்டும்."

சோறு கரிந்துதான் போயிற்று. முதல் நாள் வெறும் சட்டியைக் காட்டி, என்ன கறி என்று மடியில் கை வைத்துக் கேட்டபோது சுலோஜனா அவர்களுக்குப் பைத்தியமோ என்று பார்த்தாள். கொஞ்சம் தயங்கி நண்டு என்று கிள்ளினாள். நண்டுக்கறி வந்தது. அடுத்த நாளும் நண்டு. வந்தது. அதற்கடுத்த நாளும் நண்டு என்று கிள்ளிவிட்டு, ஓரக்கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நண்டை உடைத்தாள். நான்காம் நாள் துறைக்குப் போவதா என்று கேட்டார்கள்; மாட்டேன் என்று பாயில் புரண்டு படுத்தாள்; யாரும் எழுப்பவில்லை. மத்தியானம் அவளே எழுந்து போனாள். வதனியின் கல்யாணச் சேலைக்குப் பச்சையா சிவப்பா என்று போனில் படம் காட்டிக் கேட்டதற்கு இரண்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, யாரும் எண்ணாத ஒரு நீலத்தைத் தொட்டாள். வதனி அதையே எடுக்கச் சொல்லிவிட்டாள்.

கோணாமலை மாமா இந்தக் கூத்தைப் பார்க்க வந்தார். மூத்த மருமகள் வாளியில் உட்கார்ந்திருக்க, தங்கச்சி அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு மணலில் இருப்பதைக் கண்டார். "பிச்சைக்காரி மாதிரி என்ன புள்ள இது? வயசு வந்த பொண்ணுக்கு ஆர் இப்பிடிப் பழக்கின?" என்றார்.

"அக்காதான் பழக்கின," என்றாள் வதனி, கையை எடுக்காமலே.

 மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தார். சற்று நேரத்தில் சுலோஜனா அவர் பக்கம் திரும்பினாள். தன் மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் கேட்கிறாள் என்பது விளங்கிவிட்டது. அவருடைய வாழ்க்கையில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. வெற்றிலை வாய்க்குள்ளேயே நின்றது. சுலோஜனா மேலுதட்டில் விரலைச் சுழற்றி, பிறகு அந்த மீசையைத் துடைத்து எறிந்து காட்டி, மறுபடி கைகளை மடியில் வைத்தாள். ஏன் எடுத்தீர்கள்?

"அது... மாமி போனப்பொறகு..." என்றார் மாமா.  பிறகு கையால் சொல்லத் தொடங்கினார். தடுமாறித் தடுமாறி, இல்லாத சைகைகளை அங்கேயே உண்டாக்கி. செத்துப்போன மனைவியைப் பற்றி அந்த மனிதர் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசி வதனி கண்டதில்லை. போகும்போது வதனியின் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் வதனி வீட்டைப் பற்றிக் கேட்டாள். இந்தத் தடவை மணலில் வீட்டைக் கீறி, காற்றில் ஒப்பத்தை எழுதியும் எழுதாமலும் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்: வளவு இரண்டு பேருக்கும், பிரதீஸ் இங்கே வரப்போகிறான், எழுதிக் கொடுத்தால் எல்லாம் எனக்கு, கொடுக்காவிட்டால் பாதி உனக்கு, கொடுத்தாலும் நீ இங்கேதான். சொல்லிவிட்டு மடியில் கை வைத்தாள். உள்ளங்கை இரண்டும் வேர்த்திருந்தன. மனதுக்குள் ஒரு மூலையில், கொடுத்துவிடு அக்கா, கொடுத்துவிடு என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளும் மனுஷிதானே.

 அன்றைக்கு சுலோஜனா துறைக்குப் போனாள், வந்தாள், வாவிப் பக்கத்து அறைக்குள் போய் நின்றாள். பழைய வலையும் விறகும் அடைந்து கிடக்கும் அறை அது. அடுத்த நாள் வதனியைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். வாவியைப் பார்த்த சுவரில் தட்டினாள்: இங்கே ஒரு கதவு. வெளியே மணலில் காலால் கோடு கிழித்தாள்: இங்கே அடுப்பு. தன் நெஞ்சைத் தட்டினாள். காற்றில் தன் பெயரை எழுதி, எழுதியதை உள்ளங்கையால் அழித்தாள்: ஒப்பம் வைக்க மாட்டேன். காது மடலை இழுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டி, தோளைக் குலுக்கினாள்: அம்மா எந்தப் பக்கம் என்பதை அம்மாவிடம் கேள். கடைசியாக இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே துணிக்குள் திணித்துக் காட்டினாள். வதனிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அது பிரதீஸ். எப்போது வைத்த பெயரோ! அவன் வரட்டும், அந்தப் பக்கத்தில் இருக்கட்டும் என்றாள் சுலோஜனா.

வதனி போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் பிரதீஸைக் கூப்பிட்டாள். சொன்னாள். அவன் வழக்கம் போல யோசித்தான்.

"அம்மா ஒத்துக்கொள்ளமாட்டா வதனி. பாதி வீடென்டு சொன்னா சொந்தக்காரர் சிரிப்பாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ற... கொஞ்சம் பொறுப்பம். உங்கட அக்காவுக்கு மெல்ல மெல்லச் சொல்லி..."

"சொல்லியாச்சு. அவ பதிலும் சொல்லிட்டா. பிரிச்சு எழுதப் போறம். நொத்தாரிசு கந்தோருக்கு வாங்க. உங்கட பதில அங்க வந்து சொல்லுங்க."

 போனை வைத்த பிறகு அவனை இழந்துவிடுவோமோ என்று வதனிக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. ஆனால் பையும் சீப்பும் சார்ஜருமாய்ப் படலையடியில் இருந்த அந்த உருவத்தின் மேல் குடும்பம் நடத்த முடியாது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்தது.

மஜீட்டின் கந்தோரில் மறுபடியும் அதே கதிரைகள். மாமா இந்தத் தடவை அம்மாவுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தார். பிரதீஸின் தாய் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பிரதீஸ் கதிரையில் இருக்கவில்லை. சுவரில் சாய்ந்து, கைகள் பைக்குள்ளே இருக்க, நின்றான்.

"அப்ப, கேட்டாச்சா புள்ள?"

"கேட்டாச்சு சேர். பாதிய அவ தரமாட்டாவாம். வாவிப் பக்கம் அவட பக்கம். கதவும் அடுப்பும் அவட. அம்மாவுக்கு விருப்பமான பக்கம் அம்மா இரிக்கலாம்." வதனி ஒரு சொல்லையும் மெழுகவில்லை, இனிப்பும் தடவவில்லை. அம்மா நேற்றே வாவிப் பக்கம் என்று சொல்லிவிட்டாள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

மஜீட் தாடியைத் தடவினார். "போன தடவையும் நீங்கதான் சொன்னீங்க, இந்தத் தடவையும் நீங்கதான் சொல்றீங்க. குத்தமாச் சொல்லல்ல. ஆனா நான் அவட்டயே கேக்கணும். எப்பிடிக் கேக்கிற?"

வதனி காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, "இது நாங்க தொழுதுட்டு துஆக் கேக்கிற கைதானே," என்று மெல்லச் சிரித்தார். பிறகு தாள்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாத்தி வைத்து, சுலோஜனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சந்தியில் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். 

சுலோஜனா அவருடைய கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஆளைத் தெரியாது, ஆனால் அந்தக் கைகளைத் தெரியும். எழுந்து நின்றாள். சுவரில் தட்டிக் கதவு வைத்தாள், தரையில் காலால் கோடு கிழித்தாள், நெஞ்சில் அடித்தாள். தூங்கித் தூங்கிக் காட்டி அந்தத் தூரத்து நாட்கள்வரை போய்த் திரும்பி வந்தாள். வதனி வாயைத் திறக்கவே இல்லை. மஜீட் தலையசைத்து, "விளங்கிட்டு," என்றார். தாளை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"அப்ப என்ட மகன்ட கதை?" என்று பிரதீஸின் தாய் எழுந்தாள். "பாதி வீட்டுக்கா அவன் வாற? டேய், வா போவம்."

அவள் கதவுவரை போய்விட்டாள். பிரதீஸ் சுவரை விட்டு ஓரடி நகர்ந்து நின்றான். போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. வதனி அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயந்தாள். அப்போது சுலோஜனா தன் கதிரையை அவன் பக்கம் திருப்பிப் போட்டாள். அவனுக்கு நேரே உட்கார்ந்தாள். தன் முன்பல்லில் விரல் வைத்துத் தங்கச்சியைச் சொல்லி, அவனைக் காட்டி, இரண்டு விரல்களைச் சேர்த்தாள். பிறகு நண்டு கீறிய அந்தக் கைகளை மடியில் விரித்து வைத்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றா?" என்று பிரதீஸ் வதனியிடம் கேட்டான்.

வதனி சொல்லிக்கொடுக்கவில்லை. மஜீட் எழுதுவதை நிறுத்தினார். மாமா குனிந்து தரையைப் பார்த்தார். கதவடியில் நின்ற தாய்கூடத் திரும்பிப் பார்த்தாள். சுலோஜனாவின் கைகள் அசையாமல் இருந்தன. பிரதீஸ் அவற்றைப் பார்த்தபடி, முதலில் ஒரு கையையும் பிறகு மற்றக் கையையும் பையிலிருந்து வெளியே எடுத்தான். எஞ்சின் எண்ணெய்க் கறை நகக்கண்ணில் தங்கிய அந்தக் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றன.